எங்களிடம் இல்லாத கொள்கை

அக்டோபர் 15, 2025, புதன்

நேற்றோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அதை முன்னிட்டு வாங்கிய விண்டோஸ் 11 கணினி, பொது ஃபோல்டரைத் திறக்க மாட்டேன் என்கிறது. ரெட்டியார்சத்திரம் பழனி சாலையில் சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் ஐந்து பேர் அலுவலகத்துக்கு அந்த ஃபோல்டர்தான் பீரோ. சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று, ஆதார் நகல் எல்லாம் அதில்தான். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள் அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கின்றன என்கிறது திரை. கொள்கையாம்! அப்படி ஒன்றை இங்கே யாரும் எழுதியதே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

கேபிள், ரவுட்டர் மேல் பழி போட முடியாது. பிங் போகிறது, பெயர் சொல்லித் தேடினால் ஃபோல்டர் இருக்கும் பழைய கணினி பதில் தருகிறது. பாதையே கிடைக்கவில்லை என்பது ஒரு நோய், பாதை கிடைத்தும் அனுமதி இல்லை என்பது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்தாக ரவுட்டரை அணைத்துப் போடுவதால்தான் பாதி நாள் வீணாகிறது. இங்கே இருப்பது இரண்டாவது. பழைய கணினியில் பாஸ்வேர்டு கேட்கும் பகிர்வை என்றைக்கோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் ‘கெஸ்ட்’ என்று உள்ளே விட்டுவிடும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அப்படி ஊர் பேர் சொல்லாமல் நுழைய மறுக்கிறது. ஆக, இன்று புதிதாக எதுவும் கெடவில்லை. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எவரும் இத்தனை வருடம் அந்த ஆதார் நகல்களைத் திறந்திருக்கலாம். திறந்தார்களா என்று சொல்ல ஒரு பதிவும் இல்லை, ஏனென்றால் உள்ளே போனவர் அத்தனை பேருக்கும் பெயர் கெஸ்ட்.

அக்டோபர் 17, வெள்ளி

கெஸ்ட் தடையை நீக்கிவிட்டு, ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’, ‘ஃபுல் கண்ட்ரோல்’. ஐந்து நிமிட வேலை. கை துறுதுறுக்கிறது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து வந்தால் அலுவலகத்திலும் அதே பேச்சு: எல்லாம் நம்ம ஆளுங்க, இதுக்கு எதுக்குப் பூட்டு? நியாயமான கேள்வி. அனுமதி என்றாலே சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்று பார்ப்பதில்லை. அவர் கணக்கால் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் எழுதிவிட்டுப் போகும். எழுதும் உரிமை ஐந்து பேருக்கும் இருந்தால் ஐந்து கணினியும் வாசல். படிக்க மட்டும் வேண்டியவருக்குப் படிக்க மட்டும் கொடுத்தால் வாசல் குறையும், அவ்வளவுதான். 1975-லேயே ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் இதைச் சொல்லிவிட்டார்கள்: யாரை விலக்குவது என்று தொடங்காதே, யாரை விடுவது என்று தொடங்கு, வேலைக்கு வேண்டியதற்கு மேல் உரிமை கொடுக்காதே. அப்போது பேசியது பெரிய கணினிகளைப் பற்றி. ஐந்து மேசைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு தடைச்சொல் இதைவிடக் கனமானது: ஆளுக்கொரு கணக்கு வைத்தால், ஒருவர் லீவு போட்ட நாளில் விவசாயி திரும்பிப் போவார். உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து குழு. ஆளுக்கு உரிமை கொடுக்காமல் ‘மானியம்’ என்ற குழுவுக்குக் கொடுத்து, ஆட்களை அதில் சேர்த்தால் லீவு பிரச்சினை தீரும். யார் யார் அந்தக் குழு என்றால்தான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது: விவசாயி கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எங்கள் ஐந்து பேர் பெயரும் கிடையாது.

அக்டோபர் 23, வியாழன்

ஆளுக்கொரு கணக்கு போட்டால், பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. அரை நாள் இதற்கே போயிற்று.

அக்டோபர் 24, வெள்ளி

ஃபோல்டர் திறக்கிறது, உள்ளே சில கோப்பு திறக்கிறது, சிலது இல்லை. மாயம் ஒன்றுமில்லை. பகிர்வுக்கு ஓர் அனுமதிப் பட்டியல், டிஸ்கில் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை வைத்திருக்கும் பட்டியல் வேறொன்று. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் செல்லும். பகிர்வில் எல்லாம் கொடுத்துவிட்டோமே என்று சத்தியம் செய்து பயனில்லை. திறக்காத கோப்புகளில் ஓர் ஒற்றுமை தெரிந்தது: எல்லாம் பழைய கணினியின் டெஸ்க்டாப்பில் ஸ்கேன் செய்து ‘கட்’ பண்ணி ஒட்டியவை. ‘காப்பி’ பண்ணியவை திறக்கின்றன. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பின் முகவரிதான் மாறுகிறது, பழைய அனுமதி கூடவே வருகிறது. காப்பி என்றால் புதிதாகப் பிறந்த கோப்பு. சேர்ந்த வீட்டின் அனுமதியை எடுத்துக்கொள்கிறது. தாய் ஃபோல்டரின் அனுமதியை எல்லாவற்றுக்கும் இறக்கியதும் சரியானது. எவ்ரிஒன் போட்டு முடித்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது.

அக்டோபர் 29, புதன்

மற்ற நான்கு கணினியும் ஒழுங்காக வருகின்றன. ஜெராக்ஸ் மெஷின்தான் முரண்டு பிடிக்கிறது. ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்ப அதற்குத் தெரிந்த ஒரே மொழி, விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு மொழியான எஸ்எம்பி 1. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகமெங்கும் கணினிகளை முடக்கியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸில் அது தானாக வருவதில்லை. ஓட்டையை அடைத்தாயிற்றே, ஒரு மெஷினுக்காகத் திறந்தால் என்ன என்கிறார்கள். அடைத்தது ஓர் ஓட்டையை, மொழி பழையது. வேறு மெஷின் வாங்கவும் இப்போது வழியில்லை.

அதுவரை பென் டிரைவ். அதில் இருக்கும் எஃப்ஏடி 32 கோப்பு முறைக்கு யார், என்ன, எவ்வளவு என்று கேட்கவே தெரியாது. இன்று ஸ்கேன் ஆன ஆதார் நகல்கள் அதில்தான், மேசைமேல், மூடி இல்லாமல்.