பாதிப் பலகை

மார்ச் 4

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்கு ‘விழுப்புரம்’ பலகை ‘புரம்’ என்று மட்டும் தெரிந்ததாம். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வரப் பஸ் ஏறிய நேரம். கால் மணி நேரத்தில் முழுப் பெயரும் வந்துவிட்டதாம். ராத்திரி சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னார். வலி இல்லை, மயக்கம் இல்லை. “இடது கண்ணு மக்கர் பண்ணுதும்மா. கண்ணாடி மாத்தணும்.”

மார்ச் 5

கண்ணாடிக் கடைக்குப் போனார். பவர் மாறவில்லையாம். அவருக்கு ஏமாற்றம்.

மார்ச் 8

தட்டின் இடப்பக்கம் இருந்த இட்லிகளை அப்படியே விட்டுவிட்டு, “ரெண்டுதான் வெச்சியா?” என்றார். தட்டைத் திருப்பி வைத்தேன். “இது எப்ப வந்திச்சு?” எழுந்தவர் இடது தோளால் நிலையில் இடித்துக்கொண்டார்.

108-ஐக் கூப்பிட்டோம். வாய் கோணவில்லை, கை தளரவில்லை, பேச்சு குழறவில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று வண்டிக்காரப் பையனிடம் முண்டியம்பாக்கம் வரைக்கும் வாதாடிக்கொண்டே வந்தார்.

மருத்துவக் கல்லூரியில் டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொல்லி, “என் மூக்கையே பாருங்க ஐயா, எத்தனை விரல்?” என்று கேட்டார். இடப்பக்கத்து விரல்கள் தெரியவில்லை. மற்ற கண்ணை மூடியபோதும் அதே பக்கம்தான் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பின்புறம் வலப்பக்கத்தில் என்றார். இரண்டு கண்களின் பார்வையிலும் இடது பாதியைக் கவனிப்பது அந்த இடம்தானாம்.

“கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” எல்லோரும் இதையே கேட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு. அவர் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார். தூக்கத்தில் எப்போது வந்ததென்று யார் சொல்வது?

மார்ச் 9

இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. அங்கே உறைந்த ரத்தக் கட்டி மேலே போயிருக்கலாமாம். பஸ் ஸ்டாண்டில் நடந்ததும் இதுதான், வந்து தானே விலகிய அடைப்பு. அப்படி ஒன்று வந்தால் அடுத்த சில நாட்கள்தான் அதிக ஆபத்து.

மார்ச் 10

தூங்கவில்லை.

மார்ச் 13

நர்ஸ் போனதும் கிட்டே கூப்பிட்டார். “யாருகிட்டயும் சொல்லாத. அந்தாண்ட ஒரு ஆட்டுக்குட்டி நிக்குது.”

எந்தப் பக்கம் என்றேன். இடப்பக்கம். பார்வையே இல்லாத பக்கம்! வெள்ளைக் குட்டியாம், காது மட்டும் கறுப்பாம், சத்தமே போடவில்லையாம். அது நிஜமில்லை என்று அவருக்கே தெரிகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். அவருக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பார்வை போன இடத்தில் மூளையே எதையாவது வரைந்துகொள்ளுமாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடுமாம். அப்பாவிடம் சொன்னதும் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “படுத்துடுச்சு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

அந்தப் பக்கம் கறுப்பாகத் தெரிகிறதா என்று கேட்டேன்.

“கறுப்பு இல்ல. உன் முதுகுக்குப் பின்னால உனக்கு இன்னா தெரியுது? அந்த மாதிரி.”

மார்ச் 19

வீடு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. பேப்பரில் அடுத்த வரி எங்கே தொடங்குகிறதென்று பிடிபடாமல் எரிச்சல்படுகிறார். இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கேலை வைத்துக் கொடுத்தேன். ஸ்கேலைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து படிக்கிறார். தலைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறார்.

மார்ச் 20

என்மேல் கோபம். இடப்பக்கமாக வந்து திடீரென்று முளைக்கிறேனாம்.

மார்ச் 27

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இன்று பக்கத்து வீட்டுப் பையனிடம் அப்பா டிவிஎஸ் கேட்டிருக்கிறார். கொடுத்தான், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார் என்கிறாள் அவன் அம்மா. தொடவே இல்லை என்கிறார் அப்பா.