ஒன்பதுநூறும் தொள்ளாயிரமும்



பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குப் பற்றுச்சீட்டு எழுதும் பொறுப்பு சென்ற மாதம் என்னிடம் வந்தது. தொகையை எண்ணால் தட்டினால் எழுத்தால் தரும் வசதி எக்செலில் உண்டா என்று தேடினேன். தாய்லாந்து மொழிக்கு அத்தகைய கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்திற்கு, மைக்ரோசாப்ட் மாதிரியாக வெளியிட்ட 'ஸ்பெல்நம்பர்' நிரலை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தேன், டாலரை ரிங்கிட்டாகவும் செண்டைச் சென்னாகவும் மாற்றினேன்.

எங்கள் ஆயர் ஈத்தாமில் மட்பாண்டம் வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பர். நிரலையும் அவ்வாறே சுண்டிப் பார்க்க எண்ணினேன். எல்லா எண்களையும் தட்ட வேண்டியதில்லை; வழி மாறும் இடங்களைத் தொட்டால் போதும். 0, 11, 13, 40, 100, 101, 1,000. நான்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் உள்ள 'யு' எழுத்து நாற்பதில் மறைந்துவிடும்; நிரல் அதனைச் சரியாகவே எழுதியது. 101-இல் மட்டும், நூற்றுக்குப் பின் நாம் சேர்க்கும் 'அண்ட்' வரவில்லை. அமெரிக்க வழக்கு அது. திருத்திக்கொண்டேன்.

பாட்டிமாரும் படிக்கட்டுமே என்று தமிழுக்கும் ஒரு நிரல் எழுதினேன். இருநூறு, முந்நூறு, நானூறு என ஒழுங்காக வந்தது. 900 தட்டினேன். 'ஒன்பதுநூறு' என்றது!

சிரிக்க இயலவில்லை. சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தேர்வில் இதையே எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, வகுப்பின் முன்னிலையில் கடிந்தும் கொண்டேன். எட்டு வரை கற்ற விதியை அவன் ஒன்பதிற்கும் பொருத்தினான், அவ்வளவே. பத்தின் இடத்தில் நூற்றின் பெயரும், நூற்றின் இடத்தில் ஆயிரத்தின் பெயரும் ஏறித் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆவதற்குத் தொல்காப்பியரே குற்றியலுகரப் புணரியலில் தனி விதி கூறியுள்ளார். அதனை நான் அவனுக்குச் சொல்லவில்லை. நிரலுக்கோ, பொறுமையாக அமர்ந்து ஒரு வரி சேர்த்தேன்.

மறுநாள் அவனைக் கணினி அறைக்கு அழைத்து, நடந்ததைக் கூறி, "உன்மேல் பிழையில்லை ஐயா, சொல்லித் தராதது என் பிழை" என்றேன். பிறகு, நிரலில் வேறு தவறு இருந்தால் கண்டுபிடிக்கச் சொன்னேன். சற்று நேரம் தட்டிவிட்டுத் திரும்பினான்.

"சார், 1,000-க்கு 'ஒன்றாயிரம்'னு வருது."

அந்த எண்ணைத் தமிழ் நிரலில் நான் சோதிக்கவே இல்லை. நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.