லாஹூலின் கசப்புக் கொடி

இமாசலப் பிரதேசத்து மணாலிக்கு வடக்கே மதில்போல் நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது லாஹூல். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைப் பனி மூடிவிட்டால், முன்பெல்லாம் மாதக்கணக்கில் அங்கு போக்குவரத்து அற்றுப்போகும். 2020-ஆம் ஆண்டில் அடல் சுரங்கப் பாதை திறக்கப்பெற்றபின், மலையைக் குடைந்த 9 கிலோமீட்டரைக் கடந்தால் போதும். இருப்புப் பாதை எட்டாத அந்நாட்டுக்கு ஆகஸ்டு இறுதியில் பேருந்திலேயே சென்றோம்.

சந்திரா, பாகா என்னும் இரு நதிகளும் தண்டி என்னுமிடத்தில் கூடுகின்றன. அப்பக்கத்து வயல்களில் உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் இடையே, கம்பங்களைப் பற்றி ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறி நின்றது ஒரு கொடி. நம் நாட்டு வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வந்தது. அதுவே ஹாப்ஸ், பீர் என்னும் பானத்துக்குக் கசப்பூட்டுவது. மழை குன்றிய கோடையும் நீண்ட பகலும் கடுங்குளிரும் அதற்கு உகந்தவை. 1970-களில் இங்கே வேரூன்றிய இப்பயிரில் ‘கிளஸ்டர்’ என்னும் அமெரிக்க வகை முக்கியமானது.

அதன் பெண்பூவைப் பிரித்தால் பிசுபிசுத்த மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். அத்தூளிலுள்ள அமிலங்கள், முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்புச் சாற்றில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பைத் தரும். மணமோ அதற்குள் ஆவியாகிவிடும். ஆதலால் கசப்புக்கு வேண்டியதைக் கொதியின் தொடக்கத்திலும், மணத்துக்கு வேண்டியதை இறக்கும் தறுவாயிலும் இடுவர். கிளஸ்டர் பெரிதும் முன்னதற்கே பயன்படுகிறது. சித்திரைப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தின் திகட்டலை வேப்பம்பூ அடக்குவது போன்றதே இதன் தொழில். பானம் விரைவில் கெடாமலும் இது காக்கிறது.

லாஹூல் இல்லங்களில் வாற்கோதுமையால் ‘சாங்’ வடிக்கும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அதற்கு ஹாப்ஸ் தேவையில்லை. தம் வீட்டுப் பானத்துக்கு வேண்டாத கசப்பைப் பிறர் பானத்துக்காக வளர்க்கின்றனர் இம்மக்கள். உருளைக்கிழங்கு விலைபோகாவிடில் அடுப்பிலேனும் ஏற்றலாம். ஹாப்ஸை மதுவடிசாலையன்றி வாங்குவார் அரியர். அவ்வாலைகளுக்கோ வெளிநாட்டு ஹாப்ஸும் கிடைக்கிறது. ஆகவே உழவர் பலர் பட்டாணி, காலிபிளவர் பக்கம் திரும்பினர். ஒருமுறை ஊன்றினால் பல்லாண்டு தழைக்கும் வேரைத் தோண்டி எறிய மனம் வருமா? வைத்துக் காக்கத்தான் துணிவு வருமா?

ஒரே வாயிலை நம்பி வாழ்வதன் அச்சம், மாதச் சம்பளத்தை நம்பி ஊர்விட்டு வந்த நம்மனோர்க்குப் புதிதன்று. பனிமலை காணச் செல்லும் அன்பர்கள், சற்று நின்று அக்கொடியையும் கண்டு வருக, கம்பளியை மறவாதீர்.