பெடல் சுற்றியவர்களின் தீர்ப்பு

சினிமாப் பாட்டைக் கசற்றில் அடிப்பது லேசான வேலை. பாட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே உரப்பில் போகும். மீற்றர் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிறமாதிரி வைத்துவிட்டு, அடுத்தவர் தந்த பாட்டுப் பட்டியலைப் பார்க்கலாம். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' அப்படி விடாது. அது 1986இல் வந்த ஆல்பம். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் காணிக்கையாக்கியது. பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். அச்சுவேலிச் சந்திப் பக்கம் இருந்த எங்கள் றெக்கோடிங் பாருக்கு அதன் பிரதி வந்த பிறகுதான், கேட்டுப் பதிவது என்றால் என்ன என்பது எனக்கு வேலையாகவே வந்து சேர்ந்தது.

வி. எஸ். நரசிம்மனின் வயலின் தனியே மெல்ல நடக்கும் இடத்துக்கு மட்டம் வைத்தால், முழுக் குழுவும் எழும்பும் இடத்தில் ஒலி உடையும். உரத்த இடத்துக்கு வைத்தால் வயலின் ரேப்பின் இரைச்சலுக்குள் அமிழும். மலிவான செற்றுகளில் மட்டத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கும்; அது மெல்லிய இடத்தைத் தூக்கும்போது இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். ஆகவே முதலில் முழுவதையும் கேட்டு, ஆக உரத்த இடத்தைத் தாளில் குறித்து, அதற்கு மட்டம் வைத்து, பிறகு குமிழில் கை வைக்காமல் இருக்கவேண்டும். ஹெட்டை ஸ்பிரிற்றுப் பஞ்சால் துடைத்து, அதன் பக்கத்துத் திருகாணியை வயலினின் மேல்ஒலி தெளியும்வரை மயிரளவு திருப்பவேண்டும். சி-90 கேட்பவர்களிடம் சி-60 இரண்டு வாங்கச் சொல்வேன். சி-90இன் நாடா மெல்லியது. சுருளில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் ஒட்டி, ஒலி வருமுன்னரே அதன் நிழல் கேட்கும். சொல்லும் தாளமும் நிரம்பிய பாட்டில் அது யாருக்குத் தெரியப்போகிறது? நடுவே மௌனம் உள்ள இசையில் தெரியும்.

சிலர் கசற்றில் மிஞ்சும் இடத்துக்கு, "இரண்டு படப்பாட்டுப் போட்டுவிடுங்கோ அண்ணை" என்பார்கள். போட்டுக் கொடுத்தேன். வியாபாரம் வியாபாரம்தான்.

கடையில் அந்த ஆல்பம் ஓடினால் தர்க்கம் தொடங்கிவிடும். முதல் உருப்படி முடியும்வரை பொறுமையாக நின்ற மாணவன் ஒருவன், "பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். ஒரு வாத்தியார், "உது படமில்லாத பின்னணி இசை. படத்தையும் தரச்சொல்லுங்கோ" என்றார். கோயில் திருவிழாக்களில் விடியவிடிய இருந்து பழகிய பெரியவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "தட்சிணாமூர்த்தியின்ர தவிலுக்கு என்ன சொல் கிடந்தது? வாயைப் பிளந்துகொண்டு கேட்டனியள்தானே?" வாத்தியாரும் விடவில்லை. "தவிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டு இருக்கலாம் ஐயா. இதில எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?"

அந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் அதுவே நல்லது. 'மேட் மோட் மூட் ஃபியூக்' வரும்போது அது இன்னும் கூர்மையாகும். ஃபியூக்கில் ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். அது முடிய இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கும். முதற்குரல் ஓயாமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு கூடவே ஓடும். பிறகு மூன்றாவது. மேலே போகும் ஒற்றை மெட்டைப் பிடித்துப் பழகிய காதுக்கு இது சந்தைக்குள் நிற்பதுபோல் இருக்கும். பதிகிறவனுக்கு ஒரு வசதி இருந்தது. பலன்ஸ் குமிழை ஒருபக்கம் திருப்பினால் சில குரல்கள் தணியும், மற்றப்பக்கம் திருப்பினால் வேறு சில. பிரித்துக் கேட்டுவிட்டுச் சேர்த்துக் கேட்டால், முதல் மெட்டு எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று பிடிபடும். வாத்தியாருக்கும் அப்படித் திருப்பிக் காட்டினேன். "ஓம், விளங்குது. ஆனால் பிடிக்கேல்லை" என்றார். விளங்கிய பிறகு பிடிக்காமற்போவது மரியாதையான நிலைப்பாடு. விளங்காமலே "ஆகா" என்றவர்கள் எங்கள் கடையில் நிறையப்பேர்.

அவர் கேட்ட படமும் வந்தது. மட்டக்களப்புக்காரரான பாலுமகேந்திரா, 1988இல் 'வீடு' படத்துக்கு இந்த ஆல்பத்தின் இசையையே எடுத்து வைத்தார். டெக்கில் அதைப் பார்த்தபின் இதே கசற்றைத் தேடி வந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் அரைமனம்தான். படம் பலருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் அதன்பின் அந்த வயலினைக் கேட்டால் பாதி கட்டிய சுவர்தான் கண்முன் நிற்கிறது, இசை தன்பாட்டில் போக வழியில்லை. அதே ஆண்டில் வந்த இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' கசற்றுக்குச் சண்டையே இல்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் எல்லோருக்கும் பிடித்தது, நன்றாக விலைப்பட்டது.

1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து டயோட் ஒன்றும் கெப்பாசிற்றர் ஒன்றும் வைத்து றேடியோவுக்கு வயர் இழுத்தோம். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், நாலு பற்றரிச் செற்றும் 6 வோல்ற்; பொருத்தம் நல்ல பொருத்தம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் கேட்போம். முதலில் பிபிசி தமிழோசைச் செய்தி, மிச்சத்துக்குப் பாட்டு.

அப்போது விமர்சனத்தின் அதிகாரம் இடம்மாறிவிட்டது. சுற்றுகிறவருக்குப் பிடிக்காதது ஓடாது. "உந்த வயலினுக்கு நான் சுற்றமாட்டன்" என்று ஒரு பொடியன் ஃபியூக்கின் நடுவே கையை எடுத்துவிட்டான். சங்கீதம் தெரிந்தவர்கள் என்று வாதாடிய இருவர் மாறிமாறிச் சுற்றவேண்டி வந்தது. கை களைத்தால் மோட்டார் தளரும், சுருதி இறங்கும். சினிமாப் பாட்டென்றால் பாடகருக்குத் தடிமன் பிடித்ததுபோல் இருக்கும், சிரித்துவிட்டுப் போவோம். நீண்டு நிற்கும் வயலின் சுரத்தில் அதை ஒளிக்க இடமில்லை. ஒருமுறை சுரம் அப்படிச் சரிந்ததும், "பார், கமகம்!" என்றார் ஒருவர். "கமகமில்லை, உமக்குக் கை நோகுது" என்றார் மற்றவர். கரன்ற் இருந்த காலத்தில் மூலப்பிரதியை மனப்பாடமாகும்வரை கேட்டிருந்த என்னிடம் வழக்கு வந்தது. அந்த இடத்தில் கமகமும் இருந்தது, கைநோவும் இருந்தது. இருவருக்கும் வெற்றி என்று சொல்லித் தப்பினேன்.

2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, ஊர்ப் பிள்ளைகள் போனில் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதில எதைப் பிடிக்கிறது? வாத்தியார் இன்னும் நன்றாகக் கேட்டிருப்பார்.

என் கணக்கைக் கேட்டால், 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' எனக்கு இன்றும் முழுதாக ஒத்துவரவில்லை. பாஹின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் தொடக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம்முடைய வயலின் ஏறி வருகிறது. ஓட்டம் பாஹுடையது, மேலே வருவது அழகுதான், ஆனால் வண்டியை இழுப்பது கீழே உள்ளது. அதில் நிறுத்தியிருந்தால் அந்தப் பொடியனின் பக்கம் நின்றிருப்பேன். அவன் ஃபியூக்கில் கையை எடுத்தான். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் ராஜாவே சுற்றுகிறார்.