மார்ச்சில் மூட்டும் தீ

உத்தரகாண்டின் அல்மோரா மாவட்டத்தில் இருக்கும் ஷீத்லாகேத்துக்குப் பயணிகள் வருவது இமயத்தின் பனிச் சிகரங்களைப் பார்க்க. ஊர்க்காரர்களின் பார்வையோ பக்கத்துச் சியாஹிதேவி காட்டின் மேல். கோசி ஆற்றுக்கு நீர் தரும் ஓடைகள் சில அங்கிருந்துதான் இறங்குகின்றன. எரிந்த மண்ணில் மழைநீர் தங்காது. ஊற்று வற்றினால், குடத்தோடு மலையேறி அலைய வேண்டியவர்கள் பெண்கள்.

பைன் மரங்கள் கோடையில் உதிர்க்கும் ஊசி இலைக்கு இங்கே ‘பிரூல்’ என்று பெயர். பிசின் ஊறிய அந்தச் சருகுக்கு ஒரு பொறி போதும். அது பல சமயம் கிளம்பியது வயலிலிருந்து. விதைப்புக்கு முன் வரப்போரப் புதர்களை வெட்டிக் குவித்துக் கொளுத்துவது குமாவூன் விவசாயிகளின் வழக்கம். இதுதான் ‘ஓண்’. ஏப்ரல், மே மாதக் காற்று அந்தத் தீயைக் காட்டுக்குள் இழுத்துப் போய்விடும்.

அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கூடிப் பேசினார்கள். வழக்கத்தைக் கைவிடவில்லை, தேதியை மாற்றினார்கள். மார்ச் 31-க்குள் எல்லோரும் கொளுத்தி முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 1, ‘ஓண் திவஸ்’. அதையும் மீறிக் காட்டில் புகை தெரிந்தால், மகளிர் மங்கள தளப் பெண்களும் இளைஞர்களும் பச்சைக் கிளைகளோடு ஓடுகிறார்கள், அடித்தே அணைக்கிறார்கள். வனத்துறை இந்த முறையைப் பிற ஊர்களுக்கும் எடுத்துச் சென்றிருக்கிறது.

2024 ஜூன் 13 அன்று இதே மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில், தீயை அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் நால்வர் கருகி இறந்தனர். மூண்ட தீ ஆளைப் பார்ப்பதில்லை. ஷீத்லாகேத் மக்கள் மார்ச்சிலேயே கணக்கை முடிப்பது அதனால்தான்.