ஆட்ட விதிநூலும் அதன் கோப்பு வடிவமும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்ட வேளையில் யாம் ஒரு சிறு நூலை வெளியிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தோம். கொடிகாமத்து வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்ட தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆகியவற்றின் விதிகளைத் தொகுத்த 16 பக்க நூல் அது. விதிகளைத் திரட்டுவதிற் பட்ட பாட்டிலும், அவற்றை எக்கோப்பு வடிவில் வெளியிடுவது எனத் தெளிவதிற் பட்ட பாடே பெரிது. ஆதலின் அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம். கணினி நூல் வெளியிட எண்ணும் மாணவர்க்கேனும் இது பயன்படக்கூடும்.

விதிநூல் ஏனைய நூல்களைப் போன்றதன்று. கதைநூலை முதலிலிருந்து முடிவுவரை படிப்பர். விதிநூலையோ ஆட்டத்தின் நடுவே பிணக்கு எழும்போதுதான் திறப்பர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது எமது வீட்டிலும் மூன்று குடும்பங்கள் தங்கின. மின்சாரம் இல்லாத அந்த மாலைகளில் ஒரே தாயக்கட்டத்தைச் சுற்றி இரண்டு ஊர் விதிகள் அமர்ந்திருந்தன. எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டிய பின்னரே உட்கட்டத்துள் நுழையலாம் என்பது எம் பெரியதாயாரின் வழக்கு. வந்தவர்களுக்கு அந்நிபந்தனை இல்லை. நாளாந்தம் வழக்காடிச் சலித்த அவர், தம் விதிகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். 2000ஆம் ஆண்டுப் போரின்போது யாமும் இடம்பெயர்ந்தோம். மீண்டபோது அக்கொப்பி இல்லை. இன்று அவரும் இல்லை. அவ்விதிகளைச் சொல்லத்தக்கவர் எம் ஊரில் மிகச் சிலரே உளர்.

நிற்க. எமக்கு முதலில் எதிர்ப்பட்டது எழுத்துப் பற்றிய இடர். தட்டச்சுச் செய்து தந்த நிலையத்தார், இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவந்த பாமினி எழுத்துருவில் நூலைத் தந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘கொடிகாமம்’ என்னும் எமது ஊர்ப்பெயர் என், எப், எச், பி, எப், எச், கே, கே என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாய்க் காட்சி தரும். எவ்வளவு அழகிய ஊர்! ஆதலின் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே ஒருங்குறி தமிழுக்கு இடம் அளித்திருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் பழைய குறியேற்றங்களைக் கைவிட்டு அதற்கே வந்து சேர்ந்தனர்.

அடுத்து வடிவம். எம் குழுவினருட் பெரும்பாலோர் பி.டி.எப். வடிவமே போதும் என்றனர். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட அவ்வடிவம் 2008இல் சர்வதேச நியமமும் ஆயிற்று. அதன் சிறப்பு, பக்கம் குலையாமை. தாயத்தின் 25 கட்டங்களும் ஆடுபுலியின் 23 சந்திகளும் வரைந்தவாறே நிற்கும். ஏ4 தாள் நான்கில் அச்சிட்டு மடித்தால் நூல் கையில் இருக்கும். 2005இல் தொடங்கிய எமது நூலகம் நிறுவனத்தின் சேகரத்தில் ஈழத்து நூல்கள் பல இவ்வடிவிலேதான் வாழ்கின்றன. ஆயினும் பி.டி.எப். பெரும்பாலும் மை விழுந்த இடத்தை நினைவிற் கொள்ளுமேயன்றி எழுத்தின் முறையை அன்று. ‘கொ’ என்பதைப் பிரதிசெய்தால் பல வேளைகளிற் கொம்பு ஓரிடமும் ககரம் ஓரிடமுமாய்ச் சிதறும். தேடினாற் சொல் அகப்படாது. ரொறன்ரோவில் உள்ள எம் பேரனோ, “அப்பப்பா, போனிலை எழுத்து எறும்பு மாதிரி இருக்கு” என்றான்.

அவன் குறைக்கு மருந்து ஈ-பப். திரையின் அகலத்திற்கேற்ப வரிகள் தாமே மடங்கும், எழுத்தையும் பெருப்பிக்கலாம். ஆனால் அதிற் பக்கம் என்று நிலையான ஒன்று இல்லை. ஆடுபுலிக் கட்டத்தின் படம் ஒரு திரையிலும், மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் பற்றிய விதி மறு திரையிலும் விழுந்தன. பக்க எண்ணைச் சுட்டி வழக்காடவும் இயலாது. மேனாட்டார்க்கும் இச்சிக்கல் உண்டு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 சனவரியிற் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின்கீழ் வந்தபோதும், வந்தது பி.டி.எப். கோப்பாகவே, அதனைத் திருத்தத்தக்க உரையாக்கும் வேலை ஆர்வலர் தலையில் விழுந்தது.

முடிவில் யாம் இரண்டையும் மூலமாகக் கொள்ளவில்லை. மூலம், எக்கணினியும் திறக்கக்கூடிய வெறும் ஒருங்குறி உரைக்கோப்பு. கட்டங்கள் தனியே கோட்டுப்படங்களாக உள்ளன. அம்மூலத்திலிருந்தே அச்சுக்குப் பி.டி.எப்.பும் கைத்தொலைபேசிக்கு ஈ-பப்பும் பிறக்கின்றன. 2013இல் தொடங்கிய ‘இலவசத் தமிழ் மின்னூல்கள்’ தளத்தார் ஒரே நூலை ஏ4 அளவிலும் ஆறங்குலத் திரை அளவிலும் ஈ-பப்பாகவும் தந்தமை எமக்கு வழிகாட்டிற்று. அன்றியும், பக்க எண்ணை விடுத்து ஒவ்வொரு விதிக்கும் எண் இட்டோம். ரொறன்ரோவில் திரையைப் பார்ப்பவரும் கொடிகாமத்தில் தாளைப் பார்ப்பவரும் 12ஆம் விதி என்றால் ஒன்றையே காண்பர். பெரியதாயாரின் விதியும் வலிகாமத்தார் விதியும் அவ்வெண்ணின்கீழ் 12அ, 12ஆ என அருகருகே இருக்கின்றன. எது சரி என்று தீர்ப்பளிக்க யாம் துணியவில்லை.

நூல் வெளிவந்து இரண்டு மாதமாகிறது. திருத்தங்கள் வந்தவண்ணம் உள. நான்கு சோகியும் குப்புற விழுந்தால் எட்டு என நாம் எழுதியதை மட்டுவில் அன்பர் ஒருவர் மறுத்து நீண்ட கடிதம் எழுதியுள்ளார். வரணியில் உள்ள இருவரிடம் கேட்டிருக்கிறோம். விடை வந்ததும் 7ஆம் விதியின்கீழ் அதனையும் சேர்ப்போம்.