பெடர் சாலை மேட்டில்

மும்பையைச் சுற்றிக் கடல். டிரையத்லான் பழகுகிறவருக்கோ நீந்த இடமில்லை. கிர்காவ் சௌபாத்தியின் சாக்கடை கலந்த நீருக்குப் பயந்து, தாதரிலுள்ள மாநகராட்சிக் குளத்தில் இடம் பிடிக்கிறார். சைக்கிளுக்கும் இதே கதி. 2009-இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் சைக்கிளுக்கும் பாதசாரிக்கும் அனுமதி கிடையாது.

விதிவிலக்கு, வழக்கமாக ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் அன்றுதான். சத்ரபதி சிவாஜி முனையத்தில் இருட்டிலேயே கிளம்பும் 42 கி.மீ. ஓட்டம் அந்தப் பாலத்தில் ஏறுகிறது. ஹாரன் சத்தமில்லாத மும்பையைக் காலால் அளக்க வேறு நாள் கிடையாது.

தொண்டு நிறுவனத்துக்காக ஓடுகிறவருக்குச் சோதனை பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பம். அலுவலகத்தில், சித்தப்பாவிடம், பள்ளித் தோழர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும். ஓடுவதைவிட இது கஷ்டம். 'நீ ஓடுவதற்கு நான் எதற்குப் பணம் தரணும்?' என்பார்கள், நியாயமான கேள்விதான். முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ என்று விளக்கி, தயங்கித் தயங்கிக் கை நீட்டிப் பழகவேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில், 30 கி.மீ. தாண்டிய பிறகு, பெடர் சாலை மேடு. 2019-இல் கோவாவுக்கு வந்த அயர்ன்மேன் 70.3-க்காக 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என்று பழகிய கால்களையும் அது பிடித்து நிறுத்துகிறது. நினைத்த நேரம் கைநழுவிக்கொண்டிருக்கும்போது, சாலையோரக் குடியிருப்புக்காரர்கள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். நின்றால் நிமிடம் போகும். பலர் நின்று வாங்கிக்கொள்கிறார்கள்.